ஏலாது எண்டால் நிறுவிக் காட்டு

2022 மார்ச் மாதக் கடைசி. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்கள். பெற்றோலுக்கு லைன், காஸுக்கு லைன், பால்மாவுக்கு லைன். அப்படியான ஒரு பின்னேரம் கம்பஸில் படிக்கிற நாலு பேர், திருநெல்வேலியில் நான் இருந்த வீட்டு விறாந்தைக்குச் சைக்கிளில் வந்திருந்தார்கள். "சோதனை கிட்டுது அண்ணை, கணிப்புக் கோட்பாடு ஒண்டுமே விளங்கேல்லை, ஒருக்காச் சொல்லித் தாங்கோ" என்று கேட்டிருந்தார்கள். லப்ரொப்புகளில் பற்றரி இறங்கிவிட்டது. போனில் இருந்த மிச்சச் சார்ஜை வீட்டுக்குக் கோல் எடுக்கவென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். என்னிடம் ஒரு பழைய கரும்பலகையும் மூன்று துண்டு வெண்கட்டியும் இருந்தன.

இருட்டுமட்டும் படித்தோம். மற்றப் பாடங்களுக்கு எதையும் ஓட்டிப் பார்க்க முடியாமல் அந்த மாதம் முழுக்க அந்தரப்பட்ட பிள்ளைகள் இந்தப் பாடத்தில் மட்டும் ஒன்றையும் இழக்கவில்லை. கோட்பாட்டுக் கணினி விஞ்ஞானம் யாழ்ப்பாணத்துக்கு ஆடம்பரம் என்று சொல்லுகிறவர்களோடு நான் சண்டை பிடிக்கத் தொடங்கியது அந்தப் பின்னேரத்துக்குப் பிறகுதான். எங்களிடம் இருக்கிறதை வைத்துக்கொண்டு உலகத் தரத்தில் செய்யக்கூடிய கணினி ஆராய்ச்சி ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்பது என் எண்ணம். அதற்கு வேண்டியதில் ஒன்று எங்களிடம் குறைவாக இருக்கிறது. அது காசும் இல்லை, மெஷினும் இல்லை. அதைப் பற்றிப் பிறகு வாறன்.

முதலே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பகலில் நான் ஒரு சொஃப்ட்வெயார் கம்பனிக்கு வேலை செய்கிறவன். அந்தச் சம்பளத்தில்தான் சோறு. அதனால் 'அப்ஸ் செய்யிற வேலை கேவலம், தேற்றம் நிறுவுறது புனிதம்' என்ற மாதிரி ஒரு கட்டுரையை என்னிடம் எதிர்பார்க்காதையுங்கோ.

இந்தத் துறையைத் தெரியாதவர்களுக்காக: எந்த மொழியில் எப்படிச் செய்நிரல் எழுதுவது என்பது இதன் கேள்வி இல்லை. எதைக் கணிக்கலாம், எதை ஒருபோதும் கணிக்க ஏலாது, கணிக்கலாம் என்றால் அதற்கு எவ்வளவு நேரமும் இடமும் வேண்டும் என்பவைதான் கேள்விகள். 1936இல் அலன் ரூரிங் முதல் கேள்விக்கு விடை எழுதியபோது உலகத்தில் இலத்திரனியல் கணினி ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்தில் 'கொம்பியூட்டர்' என்றால் கணக்குப் போடுகிற மனிதர். ரூரிங் தன் கட்டுரையில் கற்பனை செய்ததும் அப்படி ஒருவரைத்தான். அவர் முன்னால் சின்னப் பிள்ளைகளின் கணக்குக் கொப்பி மாதிரிச் சதுரம் அடித்த கடதாசி. ஒரு சதுரத்தைப் பார்ப்பார், ஒரு குறி எழுதுவார் அல்லது அழிப்பார், பக்கத்துச் சதுரத்துக்குப் போவார். மனிதர் செய்யக்கூடிய எந்தக் கணிப்பையும் இவ்வளவுக்குள் அடக்கலாம் என்பது அவருடைய வாதம். எங்கட ஊரில் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு வாங்குகிற சதுர றூள் கொப்பி அதற்குக் காணும்.

1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பிறகு பல வருடம் ஜாம் போத்தல் விளக்கும் சைக்கிள் டைனமோவில் ஓடுகிற றேடியோவும்தான். யாழ்ப்பாணத்தில் கணினி விஞ்ஞானம் பல்கலைக்கழகப் பாடமாக வேர்பிடித்ததும் அந்த 90களில்தான். அந்த நாட்களில் படித்த ஒருவர் எனக்குச் சொன்னார்: செய்நிரலைக் கொப்பியில் எழுதி, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, மாறிகளின் பெறுமானங்களைப் பக்கத்தில் எழுதி எழுதி அழித்து, தானே ஓட்டிப் பார்ப்பாராம். ரூரிங் சொன்ன 'கொம்பியூட்டர்' அச்சொட்டாக இவர்தான். இதை நான் வீரக்கதையாகச் சொல்லவில்லை. 'நாங்கள் விளக்கில படிச்சனாங்கள், நீங்கள் எல்லாம் இருந்தும் படிக்கிறியள் இல்லை' என்று தொடங்குகிற பெரிய ஆக்களைக் கண்டால் எனக்கும் எரிச்சல்தான் வரும். விளக்கில் படிக்கவேண்டி வந்தது அநியாயம். ஆனால் அந்த அநியாயத்துக்குள்ளும் இந்தத் துறையின் ஒரு பாதியை ஒருவராலும் தடைசெய்ய முடியவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சரி, விறாந்தைக்கு வருவோம்.

அன்றைக்கு எடுத்தது முடிவுள்ள நிலைப் பொறி. புத்தக வரைவிலக்கணத்தை விட்டுவிட்டு நல்லூர்த் திருவிழாவில் இருந்து தொடங்கினேன். கோயில் வீதிப் பக்கத்து வீடொன்றில் சைக்கிள் பாக். காவலுக்கு ஒரு ஐயா. ரிக்கற் இல்லை, கொப்பி இல்லை, கையில் ஒன்றும் இல்லை. அவருடைய மூளைக்குள் மொத்தம் 100 நிலைகள்தான் இருக்கின்றன என்று வைப்போம். ஒவ்வொரு சைக்கிள் வரும்போதும் போகும்போதும் அவர் ஒரு நிலையில் இருந்து இன்னொன்றுக்கு மாறலாம். பூசைக்கு முதல் சைக்கிள்கள் வரும், பூசை முடிய வெளியே போகும். கடைசியில் அவரிடம் ஒரு கேள்வி: 'வந்ததெல்லாம் போட்டுதோ?' எத்தனை சைக்கிள் வந்தாலும் அவரால் சரியாகச் சொல்ல ஏலுமா?

ஏலாது. ஏன் என்று நான் பலகையில் எழுதினேன். 100 சைக்கிள் வரட்டும். ஒவ்வொரு சைக்கிளுக்குப் பிறகும் அவர் ஏதோ ஒரு நிலையில் இருப்பார். நிலைகள் 100தான் என்பதால் எங்கேயோ இரண்டு இடத்தில் ஒரே நிலை வந்தே ஆகவேண்டும். உதாரணமாக 40 சைக்கிள் வந்த பிறகும் 73 வந்த பிறகும் அவர் ஒரே நிலையில் நிற்கிறார். இனி 40 சைக்கிள் வெளியே போகட்டும். முதல் கதையில் அவர் 'ஓம்' என்று சொல்லவேண்டும். இரண்டாவதில் 33 சைக்கிள் மிச்சம், 'இல்லை' என்று சொல்லவேண்டும். ஆனால் ஒரே நிலையில் தொடங்கி ஒரே காட்சியைப் பார்த்த மனிசன் இரண்டு விடை சொல்ல ஏலாது. ஆகவே எங்கேயாவது பிழைவிடுவார்.

நான் வெண்கட்டியை வைத்துவிட்டுத் திரும்பினேன். மூலையில் இருந்த பிள்ளை, அதுவரை வாயே திறக்காதவள், மெதுவாகக் கேட்டாள்: "அண்ணை, 100 சைக்கிளுக்கு 100 நிலை எண்டால் எல்லாம் வேற வேறயா இருக்கலாம்தானே? ஒண்டும் வரமுதல் இருக்கிற நிலையையும் எண்ணினாத்தான் 101 வரும்."

சரிதான். பூச்சியத்தை விட்டுவிட்டேன். அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். உடனே பக்கத்தில் இருந்த பெடியன், "அப்ப ஐயாவுக்கு 1000 நிலை குடுப்பம்" என்றான். அவனுக்கு அவளே பதில் சொன்னாள்: "அப்ப 1000 சைக்கிள் விடுவன்." கொஞ்சநேரம் யோசித்துவிட்டு அவன் கேட்டது: "ஒரு கொப்பியும் பேனையும் குடுத்தா?" பாடத்திட்டத்தில் அடுத்த மாதம் வரவேண்டிய பொறியை அவன் தானே கண்டுபிடித்துவிட்டான்.

இதை விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. எங்கட வாழ்க்கையில் 'ஏலாது' என்ற சொல்லைக் கேட்காத நாளில்லை. கந்தோரில் ஏலாது, வீட்டில் ஏலாது, வகுப்பில் 'உனக்கு உது ஏலாது'. அநேகமாக அதற்கு அர்த்தம் 'நான் செய்யமாட்டன்' அல்லது 'நீ கேக்காதை' என்பதுதான். இந்தத் துறையில் மட்டும்தான் ஏலாது என்று சொல்லுகிறவர் ஏன் ஏலாது என்று நிறுவவேண்டும். நிறுவினால் அது எல்லோருக்கும் எல்லாக் காலத்துக்கும் ஏலாது, கூகிளுக்கும் ஏலாது. எந்தச் செய்நிரலைக் கொடுத்தாலும் அது ஒருநாள் நிற்குமா, முடிவில்லாமல் ஓடுமா என்று சொல்லிவிடும் ஒரு செய்நிரலை எழுத ஏலாது என்று ரூரிங்கின் அந்தக் கட்டுரையில் இருந்து வருகிறது. நிறுவாவிட்டால் அது வெறும் ஊகம். 1971இல் ஸ்டீபன் குக் முன்வைத்த பி, என்பி கேள்விக்கு 2000ஆம் ஆண்டில் பத்து லட்சம் டொலர் பரிசு அறிவித்தார்கள். ஏலாது என்றுதான் துறையில் அநேகம் பேர் நம்புகிறார்கள். நிறுவல் இல்லாததால் இன்னும் பரிசு ஒருவருக்கும் போகவில்லை. பெரிய பேராசிரியர் சொன்னார் என்பது அங்கே செல்லாது. விறாந்தை மூலையில் இருக்கிற பிள்ளை பூச்சியத்தைக் காட்டினால் வெண்கட்டி பிடித்திருக்கிறவர் அழிக்கவேண்டும்.

எங்களிடம் குறைவாக இருப்பது இதுதான்: கேட்கிற பழக்கமும், கேட்பதற்கு ஆக்களும்.

என் கதையையே சொல்லுகிறேன். இதே நிறுவலின் பொது வடிவத்தைப் படிக்கிற காலத்தில் நான் பாடமாக்கினேன். அட்சரம் பிசகாமல். சோதனையில் ஏ வந்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு தம்பி 'அண்ணை, இதில ஏன் நீளத்தை நாங்கள் தெரிவுசெய்ய ஏலாது, எதிராளி ஏன் தெரிவுசெய்யிறார்?' என்று கேட்டபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிழை என்னுடையதுதான். ஆறாம் வகுப்பில் இருந்து ரியூட்டறிகளில் பாஸ்ட் பேப்பர் செய்து செய்து, 'எந்த ரைப் கணக்கு' என்று அடையாளம் காணுவதே படிப்பு என்று நம்பி வளர்ந்தவன் நான். கோட்பாட்டுப் பாடத்திலும் 'ரைப்' தேடினேன். அந்தப் பழக்கத்தோடு வருகிற பிள்ளைக்கு நிறுவல் என்பது இன்னொரு நீளமான சூத்திரம் மட்டும்தான்.

இத்தனைக்கும் உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்த ஒவ்வொரு பிள்ளைக்கும் நிறுவல் புதிதில்லை. வினாத்தாளின் முதல் கேள்வியே அநேகமாகக் கணிதத் தொகுத்தறிவுக் கோட்பாட்டைப் பயன்படுத்தி நிறுவச் சொல்லுவதுதான். 25 புள்ளி. கண்ணை மூடிக்கொண்டு எழுதுவோம். அதே பிள்ளை கம்பஸுக்கு வந்து, ஒரு அல்கோரிதம் சரியாக வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டால் முழிக்கிறது. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் இது உண்மை, ஆகவே அடுத்த சுற்றின் தொடக்கத்திலும் உண்மை என்று காட்டவேண்டும். அது அந்த முதல் கேள்வியேதான். ஆனால் அது தமிழில் கணித கொப்பியில் இருந்தது, இது இங்கிலிசில் கொம்பியூட்டர் ஸ்லைட்டில் இருக்கிறது. இரண்டும் ஒன்று என்று ஒருவரும் சொல்லாவிட்டால் தெரியவராது.

இதனால்தான் நான் விறாந்தையில் தமிழில் கதைக்கிறேன். எழுதுவது இங்கிலிசில். கலைச்சொல் எல்லாவற்றையும் தமிழாக்கவேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு இல்லை. அதோடு எந்தத் தமிழ் என்ற கேள்வியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 'கணம்' என்பதை நாங்கள் 'தொடை' என்கிறோம், அவர்கள் 'அணி' என்பதை நாங்கள் 'தாயம்' என்கிறோம். ('தொடைக்குள் தொடை' என்று சொன்னால் எந்த வகுப்பிலும் பின்வாங்கில் ஒரு சிரிப்புக் கேட்கும். அதையும் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.) 'ஆகவே', 'எனின்', 'எனக் கொள்வோம்', 'இது முரண்பாடு' ஆகிய நாலும் பிள்ளையிடம் ஏற்கனவே இருக்கின்றன. அவற்றைத் தட்டி எழுப்பாமல் புது மொழியில் புதுச் சிந்தனையைத் தொடங்கச் சொல்லுவது வீண் சுமை.

படிப்பிப்பது ஒருபுறம் இருக்க, ஆராய்ச்சி ஏலுமா? பெரிய கேள்வி அதுதான். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் தாம்பரத்தில் இருக்கிறது.

சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் ராணி சிரோமணி கணிதம் படிப்பித்தார். அவருடைய கணவர் கிஃப்ட் சிரோமணி அதே கல்லூரியில் புள்ளிவிபரவியல். இந்தியாவில் முறைசார் மொழிகளின் கோட்பாட்டை ஊன்றியவர்களில் ராணி முன்னோடி. மொழி என்றால் இங்கே எழுத்துக்களின் கோவை, அதைப் பிறப்பிக்கிற விதிகள்தான் இலக்கணம். உலகம் முழுக்க ஒரே வரிசையில் நீளுகிற கோவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவர்கள் கேட்டார்கள்: படத்துக்கும் இலக்கணம் எழுதலாமே? வாசலில் பெண்கள் போடுகிற கோலத்துக்கு? ஒரு சின்னக் கோலத்தில் இருந்து அடுத்த பெரிய கோலம், அதிலிருந்து இன்னும் பெரியது என்று ஒரே வகைக் கோலங்கள் முடிவில்லாமல் பிறக்கின்றன. அவற்றைப் பிறப்பிக்க எவ்வளவு எளிய விதிகள் காணும்? எந்தக் கோலத்துக்குக் காணாது? கமலா கிருத்திவாசனும் சேர்ந்து மூன்று பேருமாக எழுதிய கோலமும் அணி இலக்கணமும் பற்றிய கட்டுரை 1974இல் ஒரு சர்வதேச ஆய்விதழில் வந்தது. கமலா கிருத்திவாசன் பிறகு சென்னை ஐஐடியில் பல தலைமுறைக்கு இந்தப் பாடத்தைப் படிப்பித்தார். அவருடைய கணிப்புக் கோட்பாட்டு விரிவுரைகள் என்பிடெல்லில் இலவசமாக இருக்கின்றன. இன்றைக்கு இரவே நீங்கள் பார்க்கலாம்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது 'தமிழர் பெருமை' இல்லை. கோலத்தில் எல்லாமே இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்துகிற வட்சப் செய்தி வேற, இது வேற. இவர்கள் கோலத்தைப் புகழவில்லை, கோலத்திடம் கேள்வி கேட்டார்கள். கேள்வி அந்த வாசலில் இருந்து வந்ததால் அது வேறொருவருடைய ஆய்வுக்கூடத்தில் இருந்து இரவல் வாங்கிய கேள்வியாக இருக்கவில்லை. செலவு கடதாசி, பேனை. அதோடு, ஒருவருக்கு மூன்று பேர் இருந்தார்கள். ஒரு கல்லூரி வளாகத்தில் தினமும் கதைக்கக்கூடிய மூன்று பேர், பிறகு அவர்களின் மாணவர்கள்.

எங்கட விறாந்தைக் குழுவும் ஒரு தைப்பொங்கலுக்கு இதைச் செய்து பார்த்தது. தமிழ்நாட்டளவுக்கு இங்கே தினமும் வாசலில் கம்பிக்கோலம் போடுகிற வழக்கம் இல்லை. ஆனால் ஒரு பிள்ளையின் அம்மம்மாவுக்குத் தெரிந்திருந்தது. புள்ளிகளைச் செவ்வகமாக வைத்து, புள்ளிகளுக்கு இடையால் சரிவாகப் போய், ஓரத்தில் வளைந்து திரும்புகிற இழை. "மூண்டுக்கு மூண்டு வைச்சா ஒரு இழையில முடியாது பிள்ளை, மூண்டுக்கு நாலு வை" என்று அம்மம்மா சொன்னாராம். ஏன் என்று கேட்டதற்கு, "அது அப்பிடித்தான்." இரண்டு ஞாயிற்றுக்கிழமை கொப்பியில் வரைந்து பார்த்தோம். 2க்கு 3 ஒரு இழை. 2க்கு 4 இரண்டு. 3க்கு 3 மூன்று. 4க்கு 6 இரண்டு. நீங்களும் வரைந்து பாருங்கோ. இரண்டு எண்களின் பொதுக் காரணிகளுட் பெரியது எதுவோ அத்தனை இழை. அதை நிறுவ இன்னும் மூன்று கிழமை போனது. பொதுக் காரணிகளுட் பெரியதைக் காணுவதற்கு யூக்கிளிட் சொன்ன முறைதான் இன்றும் பாவனையில் இருக்கிற மிகப் பழைய அல்கோரிதங்களில் ஒன்று. கோலத்தில் இருந்து ஒரு சதுரத்தை வெட்டி வெட்டி எடுத்தால் அந்த முறை கண்ணுக்கு முன்னாலேயே தெரியும்.

நாங்கள் கண்டுபிடித்தது புதிதில்லை. முடித்த பிறகுதான் தெரிந்தது, அங்கோலாவில் மணலில் வரைகிற சோனா என்ற கோடுகளைப் பற்றி போலஸ் கெர்டஸ் என்ற கணித அறிஞர் இதையெல்லாம் முன்பே எழுதியிருக்கிறார் என்று. கொஞ்சம் ஏமாற்றம். ஆனால் அந்த ஐந்து கிழமையில் நாலு பேர் பாஸ்ட் பேப்பர் இல்லாத ஒரு கேள்விக்கு முன்னால் இருந்து பார்த்தார்கள். நான் கம்பஸில் இருந்த காலம் முழுக்க அது எனக்குக் கிடைக்கவில்லை, நானும் தேடவில்லை.

தாம்பரத்தில் நடந்தது இங்கே ஏன் நடக்கவில்லை என்று யோசித்தால் நெஞ்சு கொஞ்சம் கனக்கும். ஆள் இல்லாமல் இல்லை. 80களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பித்த ராஜன் ஹூல் ஒக்ஸ்போர்ட்டில் கணிதத் தர்க்கத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ரூரிங்கின் கேள்வி பிறந்த துறையே அதுதான். அவரோடு சிறீதரன், அவரும் கணிதம். அந்த இருவரும் ராஜினி திராணகம, தயா சோமசுந்தரம் ஆகியோரோடு சேர்ந்து எழுதியது 'முறிந்த பனை'. 1989 செப்டெம்பர் 21 ராஜினி சுட்டுக் கொல்லப்பட்டார். மிச்ச வாழ்நாளின் பெரும்பகுதியை அந்த இரண்டு கணித ஆசிரியர்களும் கொலைகளையும் காணாமற்போதல்களையும் ஆதாரத்தோடு பதிவுசெய்வதில் கழித்தார்கள். அதற்காக 2007இல் மார்ட்டின் எனல்ஸ் விருது கிடைத்தது. அவர்களின் அரசியலோடு உடன்படாதவர்கள் இதை வாசிப்பவர்களில் இருப்பீர்கள், அது வேறு விவாதம். அதே 1989இல்தான் சென்னையில், பிறகு சென்னைக் கணிதவியல் கழகமாக வளர்ந்த நிறுவனம் தொடங்கியது. இன்றைக்குக் கோட்பாட்டுக் கணினி விஞ்ஞானத்தில் உலகம் அறிந்த இடங்களில் அது ஒன்று. ஒரே வருடம். இடையில் ஒரு கடல்தான்.

அதற்கு முன்னும் பின்னும் போனவர்கள் கனபேர். சி. ஜே. எலியேசர் கேம்பிரிட்ஜில் டிராக்கோடு கோட்பாட்டுப் பௌதிகம் செய்தவர். கொழும்பில் பேராசிரியராக இருந்து, பிறகு மலாயா, பிறகு மெல்பேர்ண். 2022க்குப் பிறகு நாடு முழுக்கப் பல்கலைக்கழகங்களில் இருந்து எத்தனை விரிவுரையாளர்கள் பிளேன் ஏறினார்கள் என்பது எங்களுக்குக் கண்முன் நடந்தது. போனவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கோட்பாட்டுக்குப் 'பேப்பரும் பேனையும் காணும்' என்று சொல்லுகிறவர்கள் பாதிதான் சொல்லுகிறார்கள். 2002 ஓகஸ்டில் ஒரு எண் முதன்மை எண்ணா என்று வேகமாகச் சோதிக்கும் முறையைக் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவரும் நிறுவினார்கள். அதில் இரண்டு பேர் அப்போதுதான் முதல் பட்டம் முடித்த பெடியள். பெரிய மெஷின் ஒன்றும் தேவைப்படவில்லை. ஆனால் பக்கத்து அறையில் வருடக்கணக்காக அந்தக் கேள்வியோடு இருந்த ஒரு ஆசிரியர் தேவைப்பட்டார். அதைக் கூரியரில் எடுப்பிக்க ஏலாது.

ஆனால் எடுப்பிக்கக்கூடியதையும் நாங்கள் எடுப்பிக்கவில்லை. பலாலியில் இருந்து சென்னைக்கு 2019இல் விமானம் தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. கல்யாணச் சீலை எடுக்கவும் வைத்தியம் பார்க்கவும் ஆக்கள் போய்வருகிறார்கள். கணிதவியல் கழகமும் கணித அறிவியல் நிறுவனமும் ஐஐடியும் அதே ஊரில்தான். அங்கே இருப்பவர்கள் தமிழில் அறிவியல் பேசத் தெரியாதவர்களும் இல்லை. கணித அறிவியல் நிறுவனத்தில் தர்க்கமும் கணினிக் கோட்பாடும் செய்த ஆர். ராமானுஜம், சிறுவர்களுக்கான 'துளிர்' இதழோடு நீண்டகாலம் உழைத்தவர். வருடத்துக்கு இரண்டு பேரை அங்கே இருந்து ஒரு கிழமைக்குக் கூப்பிட்டு, இங்கே இருந்து நாலு பிள்ளைகளைக் கோடைப் பயிற்சிக்கு அனுப்புவதற்கு ஆகிற செலவு, ஒரு நல்ல லாப்புக்குக் குளிரூட்டி பூட்டுவதைவிடக் கூட இருக்காது என்றே நினைக்கிறேன்.

இனி வேலைக் கதை. இதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. அந்த விறாந்தைக்கு வந்த பெடியனின் அம்மா ஒருநாள் என்னிடம் நேரே கேட்டார்: "தம்பி, உது படிச்சா வேலை கிடைக்குமோ?" வீட்டில் கடன் இருந்தது, தங்கச்சி படிக்க இருந்தாள். கோட்பாடு படித்தால் கூகிள் நேர்முகத்தில் உதவும், செய்நிரலை இப்ப ஏஐ எழுதுது, அது எழுதினது சரியோ எண்டு பாக்க ஆள் வேணும் என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் பொய்யில்லை. ஆனால் நான் அப்படி விற்க விரும்பவில்லை. விற்றால், விலை போகாத அன்றைக்குப் பாடத்தைக் கைவிடவேண்டி வரும். நான் சொன்னது: "அன்ரி, இதால மட்டும் கிடைக்காது. வேலைக்குரியதையும் படிக்கத்தான் வேணும். இதையும் படிக்கட்டும்." அவருக்குத் திருப்தி இல்லை. எனக்கும் முழுத் திருப்தி இல்லை.

ஆனாலும் எல்லாப் பிள்ளைகளையும் கோட்பாட்டுக்காரர் ஆக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஐம்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேருக்கு இது பிடிக்கும். அந்த இரண்டு பேர் கடைசி வருடப் புரொஜெக்ற்றுக்கு இன்னொரு கடைக்கணக்கு அப்ஸ் செய்யாமல் ஒரு நிறுவலை எழுதிக் கொடுக்கலாம் என்று முதலில் அவர்களுக்கே தோன்றவேண்டும், பிறகு வீட்டாருக்கு. கிழமைக்கு ஒரு மணித்தியாலம் புள்ளி போடாத ஒரு கூட்டம் இருக்கவேண்டும், விடை தெரியாத கேள்வியோடு. விரிவுரையாளர் 'எனக்கும் தெரியாது' என்று சொன்னால் ஒருவரும் அதைப் பெலவீனமாகப் பார்க்கக்கூடாது. இவ்வளவுதான் என் கோரிக்கை. ஆய்வுக் கட்டுரைகளுக்குச் சந்தா கட்டவேண்டும் என்ற பழைய சாட்டும் இப்ப இல்லை. இந்தத் துறையில் அநேக கட்டுரைகள் ஆர்க்கைவில் காசில்லாமல் கிடக்கின்றன. 1981இல் எரிந்த நூலகத்துக்கு அது ஈடில்லை, ஆனால் கிடக்கின்றன.

விறாந்தையில் இப்ப இரண்டு பேர்தான் மிச்சம். வேலைக்காகக் கொழும்புக்குப் போனவன் ஒருத்தன், அம்மாவிடம் சொன்னபடி வேலைக்குரியதையும் படித்தவன். அவன் சில இரவுகளில் வட்சப்பில் ஒரு கேள்வி போடுவான், விடையோடு இல்லை. இன்னொருவர் கனடாவில். பூச்சியத்தைக் காட்டிய பிள்ளை இன்னும் வருகிறாள். செவ்வகத்தில் இருந்து ஒரு மூலைப் புள்ளியை மட்டும் எடுத்துவிட்டால் இழைகள் எத்தனை என்று இப்ப பார்த்துக்கொண்டிருக்கிறாள். கொப்பியில் இருபது பக்கம் போயிருக்கிறது. போன ஞாயிறு நான் ஒரு வாய்பாட்டைச் சொன்னேன். அவள் வரைந்து பார்த்துவிட்டுப் பிழை என்றாள்.